ஆபீசருக்கு உடம்பு சரியில்லை

என் வீட்டுக்காரரை அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி திரும்பிப் பார்ப்பார். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி அனுப்பும் பிரிவுக்கு இருபத்து மூன்று வருஷமாக அவர்தான் பொறுப்பு. அவர் கை பட்டுப் போன கருவியால் ஒரு நோயாளிக்குக்கூடச் சீழ் பிடித்ததில்லை என்று பெரிய டாக்டரே ஒரு கூட்டத்தில் சொன்னாராம். அதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவள். முன்னறையில் என் மிஷின், வெட்டுகிற மேஜை, சுவரோரமாகத் துணி உருளைகள். நூல் பிசிறும் வெட்டுத் துண்டும் என் காலைச் சுற்றியே கிடக்கும். அவரோ வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக் கீழே வைக்கும் முன்னால் குளியலறைக்கு ஓடி, மருந்துக்கடையில் வாங்கி வைத்திருக்கும் ரோஸ் நிறத் திரவத்தைப் போட்டு முழங்கை வரை தேய்ப்பவர். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாவற்றையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே தேய்ப்பார். நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும், மறுபடியும் ஒன்றிலிருந்து. இப்படி ரெண்டு பேர் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளினோம் என்றால், முன்னறை எனக்கு, மிச்ச வீடு அவருக்கு. அவ்வளவுதான் சமாச்சாரம்.

இந்தக் கழுவல் பைத்தியம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். முழங்கை வரை கழுவிவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் துவாரம் வழியாக ஒரு கையை மட்டும் விட்டுத் தொடலாம் என்றார்கள். தினமும் போய் ஆள்காட்டி விரலால் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பார். பிள்ளை பிழைத்தது. இன்று இன்னொரு ஊரில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாள், ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ஆனால் இந்த மனிதர் கை மட்டும் அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கழுவாமல் யாரையும் தொடமாட்டார், கழுவிய பிறகு அந்தக் கை கெட்டுப்போகுமே என்று யாரையும் தொடமாட்டார். மகள் லீவுக்கு வந்தால் நாலடி தள்ளி நின்றுகொண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார். தபால்காரர்கூட இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து பேசுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

ஆஸ்பத்திரி வரவேற்பறையைப் புதுப்பிக்கிறார்களாம். மீன்தொட்டியை எடுத்துவிட்டு டிவி மாட்டப்போகிறார்களாம். உள்ளே இருந்த ஒற்றை மீனை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வேண்டாம் என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை. ஃப்ளவர்ஹார்ன் என்ற வகை அது. ஒரு சாண் நீளம், சிவந்த கண், நெற்றியில் கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. எதிரே யார் நின்றாலும் லீவு கேட்க வந்தவனைப் பார்ப்பது மாதிரி முறைக்கும். அதனால் அங்கேயே அதற்கு 'ஆபீசர்' என்று பெயர். கூடப் போட்ட ரெண்டு மீனை ஒரே நாளில் கிழித்துப் போட்டுவிட்டதாம்.

"எங்க வைக்கப் போறீங்க?" என்றேன்.

"உன் ரூம்லதான். தண்ணி சிந்தும், பாசி புடிக்கும். உள்ளே வச்சா வீடு என்னத்துக்கு ஆகும்?"

"அப்போ என் ரூம் வீடு இல்லையா?"

அவர் வாளியோடு முன்னறைக்குள் நுழைந்துவிட்டார். தொட்டி ஆளோடு பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்து இறங்கிவிட்டது.

முதல் வாரம் ஆபீசர் கண்ணாடியில் முட்டி முட்டி எங்களைத் திட்டியது. வலையை உள்ளே விட்டால் வலையைக் கடிக்கும். இவர் விடுவாரா? தினமும் ரோஸ் திரவம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைப்பார், கல்லை எடுத்துத் தேய்ப்பார், தண்ணீர் மாற்றுவார். மூன்று வாரத்தில் ஆபீசர் அடங்கிவிட்டது. முட்டுவதில்லை, முறைப்பதில்லை. இவர் கை உள்ளே போனால் ஒரு மூலையில் மரியாதையாக நிற்கும். பிறகு ஒரு நாள் மேலே வந்து, கைக்குப் பக்கத்திலேயே நின்றது. இவர் ஆள்காட்டி விரலை நீட்டி அந்த நெற்றியைத் தடவினார். அது அசையவே இல்லை.

"பழகிட்டான்டி!" என்றார்.

எனக்கு ஊசியில் நூல் அறுந்துபோனதுகூடத் தெரியவில்லை. பொய் சொல்வானேன், ஒரு பக்கம் பொறாமையாக இருந்தது, இன்னொரு பக்கம் கண் கலங்கியது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் தடவல். தடவிக்கொண்டே அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவார். எந்த நர்ஸ் கத்தரியைக் கீழே போட்டாள், எந்த டாக்டர் கோபப்பட்டார், எல்லாம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எனக்குச் சொல்லாத கதையெல்லாம் ஒரு மீன் வழியாக என் காதில் விழுந்தது.

அப்புறம்தான் சீக்கு ஆரம்பித்தது.

முதலில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றது. பிறகு உடம்பு முழுக்கப் பால் ஏடு மாதிரி வெள்ளையாக ஒரு படலம். கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்பும். இவருக்குத் தூக்கி வாரிப் போட்டது. நேராக மீன்கடைக்காரரிடம் ஓடினார். கடைக்காரர் ஆளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார், இந்த ஆள் சும்மா திரும்பிப் போகமாட்டார் என்று. முதல் வாரம் நீல மருந்து. தண்ணீர் நீலமானது, ஆபீசர் நீலமானது, என் ஜன்னல் திரையின் ஓரமும் நீலமானது. நோய் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அடுத்த வாரம் பச்சை. அதற்கடுத்து உப்பு, சூடேற்றும் கம்பி. ஒவ்வொரு மருந்துக்கும் ரெண்டு நாள் தெளிந்த மாதிரி இருக்கும், மறுபடியும் படலம்.

"பூஞ்சையா இருக்கலாம்," என்பார் கடைக்காரர். அடுத்த தடவை, "பூச்சியா இருக்கலாம்." அதற்கடுத்த தடவை, "மனசு சரியில்லாம இருக்கலாம்."

"யாருக்கு?" என்று நான் கேட்டேன்.

இவர் ஆஸ்பத்திரியில் நோயாளி கட்டிலில் தொங்குமே, அந்த மாதிரி ஒரு அட்டை தயார் பண்ணித் தொட்டியில் தொங்கவிட்டார். தேதி, தண்ணீர்ச் சூடு, சாப்பிட்ட உருண்டை எத்தனை, படலம் எவ்வளவு, மருந்து என்ன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றால் மிகையில்லை. நோய் கூடக்கூடச் சுத்தமும் கூடியது. ஒரு தடவை கழுவிய கையை ரெண்டு தடவை கழுவினார். தடவலும் அரைமணியிலிருந்து ஒரு மணியானது, பாவம் நோயாளி என்று.

நான் கேலி பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம். மீன் செத்தால் ஒரு மீன் செத்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த மனிதர் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஓர் உயிரைத் தொட்டுப் பழகியிருக்கிறார். அது இவர் கையிலேயே செத்துப்போனால் அப்புறம் சாகும்வரை எதையும் தொடமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் புதிதாகத் திறக்கும் கிளைக்குப் பன்னிரண்டு நாள் போய் அங்கே இவர் பிரிவை அமைத்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். போகும்போது எனக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். சாப்பாடு போடும் முன் ரோஸ் திரவத்தால் கை கழுவ வேண்டும், கடைக்காரர் கடைசியாகக் கொடுத்த மஞ்சள் மருந்து காலையில் பத்துச் சொட்டு, தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், அட்டையை நிரப்ப வேண்டும். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"பொழுது போகுது, கிளம்புங்க. உங்க புள்ளைய நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பி வைத்தேன்.

எனக்கோ ஒரு கல்யாண மண்டபத்துக்கு அறுபது திரை தைக்க வேண்டிய அவசரம். ரோஸ் திரவத்தின் வாசனை துணியில் ஏறும் என்று அந்தப் பக்கமே போகவில்லை. நூல் பிசிறு ஒட்டிய கையோடு நாலு உருண்டையைத் தூக்கிப் போடுவேன். மஞ்சள் மருந்தை முதல் நாள் ஊற்றினேன், அப்புறம் மறந்துபோனேன். தண்ணீர் ஒரே ஒரு தடவை மாற்றினேன். அட்டையை? கடைசி நாள் உட்கார்ந்து பன்னிரண்டு நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க மூன்று பேனா மாற்றி எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீசரோ ஐந்தாம் நாளே படலத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது. எட்டாம் நாள் துடுப்பெல்லாம் விசிறி மாதிரி விரிந்தது. பத்தாம் நாள் உருண்டைக்குத் துள்ளியதில் ஒரு கை தண்ணீர் வெளியே வந்து, தைத்து முடித்த சந்தன நிறத் திரையில் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. நாலு திட்டுத் திட்டினேன். அதுவும் பதிலுக்கு முறைத்தது.

இவர் திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மஞ்சள் மருந்து! நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். உச்சி குளிர்ந்து நிற்கும் மனிதரை எதற்குக் கலைப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். இவர் ஓடிப்போய் ரெண்டு தடவை கை கழுவிவிட்டு வந்து, பன்னிரண்டு நாள் பாக்கி வைத்த துடைப்பையெல்லாம் ஒரே நாளில் துடைத்தார். கையைப் பார்த்ததும் ஆபீசர் மூலைக்குப் போய்விட்டது. "கோவிச்சுக்கிட்டான். ரெண்டு நாள்ல சரியாயிடுவான்," என்றார். ரெண்டு நாளில் சரியாகத்தான் நின்றது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு. இவர் நெற்றியைத் தடவினார். நாலாம் நாள் வெள்ளைப் படலம் திரும்ப வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவருடைய ஆஸ்பத்திரி லேப்காரர் வீட்டுக்கு வந்தார். பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வீட்டில் வைத்திருக்கும் ஆள். இவர் கெஞ்சியதால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மீனின் மேலிருந்து துளி வழவழப்பை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, என் வெட்டு மேஜையிலேயே வைத்துப் பார்த்தார். அரைமணி நேரம் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணுமே இல்லையே," என்றார். "பூச்சி இல்ல, பூஞ்சை இல்ல. குளத்து மீனுக்குக்கூட மேல ஏதாவது ஊர்ந்துக்கிட்டு இருக்கும். இவ்வளவு சுத்தமான மீனை நான் பார்த்ததே இல்ல. தோல்தான் ஏதோ பட்டு எரிஞ்ச மாதிரி இருக்கு."

"எப்படி வரும் கிருமி? நாம விட்டாத்தானே!" என்று இவருக்கு ஒரே பெருமை. குளியலறைக்குப் போய் ரோஸ் புட்டியை எடுத்து வந்து காட்டினார். "இது மத்த சோப்பு மாதிரி இல்ல. நீ கழுவி விட்டாலும் ஆறு மணி நேரம் தோல்லயே உக்காந்துக்கிட்டு கிருமியைக் கொன்னுக்கிட்டே இருக்கும்."

எனக்குக் கையில் இருந்த கத்தரி அப்படியே நின்றுவிட்டது. ஆறு மணி நேரம் தோலிலேயே இருக்கும். அந்தத் தோலால்தான் தினமும் ஒரு மணி நேரம் தடவல்.

லேப்காரர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் புட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "அவசரமா ஒரு வேலை இருக்கு அண்ணே," என்று மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லிடுங்க அண்ணி," என்று முணுமுணுத்தார். நல்ல ஆள்!

ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். சம்பளம் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறேன், உங்க அக்காவுக்கு வாய் நீளம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் கைதான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது? மூன்றாம் நாள் ஆபீசர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. இனிமேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. இவர் குளியலறைப் பக்கம் நடக்கும்போது குறுக்கே போய் நின்றேன்.

"நீங்க கொஞ்ச நாள் அதைத் தொடாதீங்க."

"ஏன்?"

"சொன்னா கேளுங்க."

"நான் தொடலேன்னா யாரு தொடுவா? நீ பன்னெண்டு நாள் எல்லாம் ஒழுங்கா செஞ்சதாலதானே..."

"நான் ஒண்ணும் செய்யல!" என்று கத்தியே விட்டேன். "கை கழுவல. மருந்து ஊத்தல. அட்டை பூரா பொய். மூணு பேனாவால எழுதினேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மீனுக்குச் சீக்கு வந்தபோதுகூட அவர் இப்படி நின்றதில்லை. "அட்டைல... பொய்யா எழுதினியா?" என்று நாலு தடவை கேட்டார். ஆஸ்பத்திரியில் அப்படி எழுதினால் வேலை போய்விடுமாம். போகட்டும், இந்த வீட்டு வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள், அக்கடா என்று இருப்பேன் என்றேன்.

பிறகு மெதுவாகப் போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார். என் வரிகளின் மேல் ஒரு கோடு போட்டார். நான் உண்மையில் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டுக் கேட்டு மறுபடியும் எழுதினார். இருபத்து மூன்று வருஷம் கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடியே பழகிய ஆள். நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா?" என்றார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ரோஸ் புட்டி அன்றைக்கே வீட்டை விட்டுப் போனது. கடைசி மருந்தும் நிறுத்தியாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றியது நான், சாப்பாடு போட்டது நான். இவர் வேலையிலிருந்து வந்து ரெண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காருவார். பேச்சு மட்டும் உண்டு. முதல் சில நாள் ஆபீசர் மேலே வந்து நெற்றியைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

"தடவச் சொல்லிக் கேக்குதுடி," என்பார். எனக்கு மிஷினை மிதிக்கவே முடியாது.

பத்து நாளில் படலம் போனது. இருபது நாளில் நிறம் ஏறியது. அதற்குப் பிறகு அது மேலே வந்து நிற்பதும் நின்றுபோனது. கற்களை வாயால் தூக்கி இடம் மாற்றிக்கொண்டு அதன் வேலையைப் பார்த்தது. இவர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

ஒரு தடவை இவருக்குச் சேர்ந்தாற்போல் ரெண்டு நாள் விடுமுறை வந்தது. ரெண்டு நாளாகக் கையில் ஆஸ்பத்திரி மருந்துகூடப் படவில்லை. சாயங்காலம் குழாயடியில் வெறும் தண்ணீரில் கையை அலம்பிவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். சோப்புப் போடாத கையால் ஓர் உயிரைத் தொட்டு எத்தனை வருஷம்!

"வேணாம்னா விடுங்க," என்றேன்.

"சும்மா இரு," என்று கையை உள்ளே விட்டார்.

ஆபீசர் திரும்பியது. துடுப்பெல்லாம் விரிந்தது. நேராக வந்து, அந்த ஆள்காட்டி விரலை லபக்கென்று கவ்வி ஒரு உதறு உதறியது.

"ஐயோ!" என்று கையை இழுத்தார். நுனியில் ரத்தம். நான் பதறிப்போய் எழுந்தேன். அவரோ விரலைப் பார்த்தார், தொட்டிக்குள் விறைத்துக்கொண்டு நின்ற ஆபீசரைப் பார்த்தார்.

"இவன் என்கிட்ட பழகவே இல்லடி," என்றார். "எதிர்க்கத் தெம்பு இல்லாம நின்னிருக்கான். நான் தடவிக்கிட்டே இருந்திருக்கேன்."

அழுவாரோ என்று பயந்தேன். ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்கக் குலுங்க. "என்னமா கடிக்கிறான் பாரு! என்னா பல்லு!" என்று சிரித்துக்கொண்டே, ரத்தம் வந்த விரலை அப்படியே வாயில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்குப் புடிக்கலேன்னா போகட்டும், எனக்கு உங்களைப் புடிக்கும்," என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத பேச்சு. அவர் விரலை வாயிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார். காலடியில் கிடந்த வெட்டுத் துணி ஒன்றை எடுத்து, அந்தக் கையைப் பிடித்துச் சுற்றிக் கட்டினேன். அது துவைத்த துணியா என்று அவர் கேட்கவே இல்லை. கட்டி முடித்த பிறகும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.